மலையை இடதுகைப் பக்கம் வைத்து நடந்த ஸ்குவாட்ரன்

அன்று காலை என் டிபன் கடை வாசலில் நின்றவர்கள் மொத்தம் ஐந்து பேர். முதலாவது, எங்கள் ஸ்குவாட்ரனில், அதாவது விமானப்படைப் பிரிவில், பைலட்டுகளுக்குப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்ற விங் கமாண்டர். பெயரை எழுதினால் வழக்குப் போட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம். ஆகவே விங் கமாண்டர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இரண்டாவது, அவர் மனைவி லலிதா அம்மா. மூன்றாவது, நேவிகேட்டராக இருந்த பாலு சார். அதாவது விமானத்துக்கு வழி சொல்கிறவர். இப்போது வேங்கிக்காலில் புது வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். நான்காவது, விமானத்தில் சரக்கு ஏற்றிக் கட்டும் லோடராக இருந்த, அடி அண்ணாமலை ஊர்க்காரர் ஏழுமலை. ஐந்தாவது நான், அந்த ஸ்குவாட்ரனுக்கு டீ போட்டவன்.

என் மனைவி சரசுவும் கல்லாவில் இருந்தாள். "அந்தக் கும்பல்ல என்னச் சேக்காதீங்க" என்று அவளே சொல்லிவிட்டதால் சேர்க்கவில்லை.

பௌர்ணமி முடிந்த மறுநாள். திதி இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்ததால் செங்கம் சாலையில் ஜனம் குறையவே இல்லை. தெருவெல்லாம் கற்பூரப் புகை, மிதிபட்ட எலுமிச்சம்பழம், அன்னதானத் தட்டு. வெறுங்காலோடு நடக்கிறவர்கள் ஒரு சமுத்திரம் போல மேற்கே போய்க்கொண்டிருந்தார்கள்.

விங் கமாண்டர் மட்டும் வெள்ளை ஷூ போட்டிருந்தார். கழுத்தில் விசில்.

"எதுக்கு சார் விசில்?" என்று கேட்டேன்.

"கமாண்ட் அண்ட் கண்ட்ரோல்" என்றார்.



ஒரு வரி

நாங்கள் கிரிவலம் கிளம்பியதற்குக் காரணம் பக்தி என்று நினைத்தால், அது விங் கமாண்டர் ஒருவருக்குத்தான் பொருந்தும். அவர் ஸ்குவாட்ரனின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி முடித்திருந்தார். ஸ்குவாட்ரனுக்குப் பொன்விழா வருகிறது. புத்தகம் அச்சுக்குப் போகும் முன்னால் பழைய ஆட்களோடு ஒருமுறை மலையைச் சுற்றி வரவேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆறு மாதம் முன்புதான் ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு வந்தவர். அதுவரை மலையைக் காரில் இருந்துதான் பார்த்திருந்தார்.

ஏழுமலைக்கு வேறு காரணம்.

அவர் தினமும் காலையில் என் கடைக்கு வாழை இலை கொண்டுவருவார். ஒரு நாள் விங் கமாண்டர் பொங்கலைத் தள்ளி வைத்துவிட்டு, எழுதியதைத் தமிழில் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் "லோடர் ஏழுமலை" என்று வந்தது. இலைக்கட்டைச் சுமந்தபடி நின்ற ஏழுமலைக்கு முகமெல்லாம் பல். புத்தகத்தில் தன் பெயர்! அந்தச் சந்தோஷம் வாக்கியம் முடிகிற வரைக்கும்தான் நீடித்தது.

வாக்கியம் இதுதான்: "லோடர் ஏழுமலையின் அலட்சியத்தால் சுமை நகர்ந்து, விமானம் ஓடுபாதையில் பலமாக மோதியது, பயிற்றுநரின் சமயோசிதத்தால் அனைவரும் உயிர் தப்பினர்."

பயிற்றுநர் யார்? எழுதியவரேதான்.

வேறு சமயமாக இருந்தால் ஏழுமலை துண்டை உதறிவிட்டுப் போயிருப்பார். ஆனால் அவர் மகள் வயிற்றுப் பேத்தி தாரணி விமானப்படையில் பைலட் ஆகிவிட்டாள். அடுத்த மாதம் பெரிய சரக்கு விமானம் ஓட்டப் பழகுவதற்கு எங்கள் ஸ்குவாட்ரனுக்கே போகிறாள். பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே இந்தப் புத்தகம் ஒன்று கையில் கொடுக்கப்படும் என்று விங் கமாண்டர் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

"ரத்தினம், அந்த வரிய எடுக்கணும்டா" என்றார் ஏழுமலை, விங் கமாண்டர் போன பிறகு. "எம் பேத்தி போய் உக்காந்து மொத நாளே இதப் படிச்சா, கூட இருக்கற பசங்க இன்னா சொல்லும்? உங்க தாத்தாதானா அதுன்னு கேக்காதா?"

"நேரா கேட்டுடு."

"ஆபீசர்கிட்ட நேரா கேக்கற பழக்கம் நமக்கு எங்கடா இருக்குது? நடக்கும்போது பேச்சுவாக்குல கேக்கறேன். பதினாலு கிலோமீட்டர் இருக்குது இல்ல."

அதனால்தான் ஏழுமலை வந்தார். அவர் தனியாகப் போய் ஏடாகூடமாக ஏதும் பேசிவிடுவாரோ என்ற பயத்தில் நான் போனேன். பாலு சார் ஏன் வந்தார் என்று அவருக்கே தெரியாது. விங் கமாண்டர் கூப்பிட்டால் வருவது அவருக்கு நாற்பது வருஷப் பழக்கம்.

கெட்டில் ஓட்டியவன்

வார இதழில் நான் எழுதும் இந்தத் தொடரைப் படிக்கும் போளூர் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "எட்டாம் வகுப்பு தாண்டாத நீங்கள் விமானப்படையில் என்ன ஓட்டினீர்கள்?"

கெட்டில் ஓட்டினேன் ஐயா. பைலட்டுகள் காத்திருக்கும் அறையில் டீ, பன், முட்டை. எட்டாம் வகுப்பு அரைப்பரீட்சைக்கு முந்தின இரவு காய்ச்சல் வந்தது. பரீட்சைக்குப் போகாவிட்டால் அடிப்பார்களே என்ற பயத்தில் காய்ச்சல் போன பிறகும் நான் போகவில்லை. அந்தப் பயம் இன்னும் தெளிந்தபாடில்லை. பள்ளிக்கூடம் மட்டும் போய்விட்டது. மாமா ஒருவர் கையைப் பிடித்து அழைத்துப் போய் ஒரு கான்ட்ராக்டரிடம் விட, அவர் விமானத் தளத்தில் விட்டார்.

எங்கள் ஸ்குவாட்ரனுக்கு இரண்டு வேலை. ஒன்று, சரக்கும் சிப்பாய்களும் ஏற்றிப் போவது. இன்னொன்று, சின்ன விமானம் ஓட்டிப் பழகிய பையன்களுக்குப் பெரிய விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. போர் விமானக்காரர்கள் எங்களை லாரி செட் என்பார்கள். எங்கள் பைலட்டுகளுக்கு அது ரோஷம். எனக்கு இல்லை. லாரி செட்டில்தான் டீ நன்றாக ஓடும்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பயிற்றுநர் பக்கத்தில் இல்லாமல் முதல் முறையாக விமானத்தை இறக்கிய பையன், நேராக என்னிடம் வந்து கெட்டிலை வாங்கிக்கொள்ள வேண்டும். இறக்கை துடைக்கிறவன், சக்கரத்துக்குக் காற்று அடிக்கிறவன், லோடர், எண்ணெய்க்காரன், எல்லோருக்கும் அவன் கையால் டீ ஊற்ற வேண்டும். விமானத்தை மெத்தென்று இறக்கியவன் டம்ளருக்கு வெளியே ஊற்றுவான். ஏழுமலை டம்ளரை நீட்டிக்கொண்டு, "சார், ரன்வே இங்க இருக்குது" என்பார். அந்த ஒரு நாள் மட்டும் ஆபீசரைக் கிண்டல் செய்யலாம். மறுநாள் சல்யூட்.

விங் கமாண்டரின் புத்தகத்தில் இந்த வழக்கம் இல்லை. வெள்ள நிவாரணம் இருக்கிறது. வெள்ளத்தில் சிக்கிய ஊருக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் போடப் போனதும், "கீழே மக்கள் மகிழ்ச்சியோடு கையசைத்தனர்" என்பதும் ஒரு அத்தியாயம். கையசைத்தது நிஜம்தான். ஆனால் அது பக்கத்து ஊர். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. பந்தியில் பூரி குறைந்த நேரத்தில் வானத்திலிருந்து பூரி விழுந்தால் யார்தான் கையசைக்க மாட்டார்கள்? அன்றைக்கு வழி சொன்னது பாலு சார். இறங்கியதும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஊர் வேறன்னு எனக்கு அப்பவே தோணுச்சு ரத்தினம். சார் பட்டனை அமுக்கிட்டாரு, அப்புறம் சொல்லி என்ன?"

மணல் மூட்டை

இப்போது அந்த வரிக்கு வருகிறேன்.

பெரிய விமானம் காலியாகப் பறக்கும்போது ஒரு மாதிரி இருக்கும், சுமையோடு பறக்கும்போது வேறு மாதிரி இருக்கும். ஆகவே பயிற்சியின்போது பின்னால் மணல் மூட்டை ஏற்றிக் கட்டுவார்கள். இது சட்டம். மணலுக்குப் பதில் வேறு ஏதாவது ஏற்றினாலும் எடை எடைதானே? இது எங்கள் ஸ்குவாட்ரனின் ஞானம்.

ஆபீசர்களுக்கு மாற்றல் வந்தால் கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாம் பயிற்சி எடையாகப் பறக்கும். காகிதத்தில் எல்லாமே மணல் மூட்டைதான். ஒருவர் மாமியார் வீட்டு ஊறுகாய் ஜாடி மணல் மூட்டையாகப் போனது. ஒரு வெள்ளாடு போனது. அது இறங்கி நடந்து போனதைப் பார்த்த காவலாளி, "மணல் மூட்ட மேயுது" என்று சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. புத்தகத்தில் இதற்கு "நிஜமான சுமைச் சூழலில் பயிற்சி" என்று பெயர்.

அந்த நாள் மணல் மூட்டை, விங் கமாண்டர் வீட்டுக் கண்ணாடி ஷோகேஸ். தேக்கு மரம். உள்ளே கல்யாணத்துக்கு வந்த பீங்கான் சாமான். ஏழுமலை கயிறு போட்டு இறுக்கப் போனார்.

"ஏய், இறுக்காதே. பாலிஷ் போயிடும். லேசா கட்டு" என்றார் விங் கமாண்டர்.

ஏழுமலை லேசாகக் கட்டினார். விமானத்தில் பயிற்சிப் பையன், விங் கமாண்டர், பாலு சார், ஏழுமலை. விங் கமாண்டரின் பழைய ஊரிலிருந்து பறந்து வந்து, எங்கள் தளத்தில் பையன் இரண்டு முறை இறக்கினான். கொஞ்சம் குதித்தது. "தள்ளு. எப்படி இறக்கணும்னு நான் காட்டுறேன்" என்று விங் கமாண்டர் வாங்கிக்கொண்டார்.

காட்டினார். நான் டீ அறையில் இருந்தேன். சத்தத்துக்கு அடுப்பில் இருந்த கெட்டிலின் மூடி எகிறி விழுந்தது. முதலில் விமானம் மோதியது. பிறகுதான் ஷோகேஸ் சாய்ந்தது. இறங்கி வந்தபோது ஏழுமலையின் தலைமுடியெல்லாம் பீங்கான் தூள்.

விசாரணை நடந்தது. மோதியதற்குக் காரணம் சுமை நகர்ந்தது, சுமை நகர்ந்ததற்குக் காரணம் லோடர் என்று முடிந்தது. பாலு சாரும் கையெழுத்துப் போட்டார். சேதமான மணல் மூட்டைகளுக்காக ஏழுமலை சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தார்கள்.

"மணல் எப்டிங்க ஒடையும்?" என்று ஏழுமலை ஒரே ஒரு முறை கேட்டார். "கேள்வி கேக்காத" என்று பதில் வந்தது.

மலை கேப்டன் பக்கம்

சரி, கடை வாசலுக்கு வருவோம். விங் கமாண்டர் விசில் ஊதினார். ஜனமெல்லாம் மேற்கே போய்க்கொண்டிருக்க, அவர் கிழக்கே திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

"சார்" என்றேன். "கிரிவலம் இப்படிங்க சார்."

"ரத்தினம், சர்க்யூட் எந்தப் பக்கம்?"

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விமானம் மேலே ஏறி, ஓடுபாதையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி இறங்குவதற்கு சர்க்யூட் என்று பெயர். பயிற்சிப் பையன்கள் நாள் பூரா அதைத்தான் செய்வார்கள். கேப்டன் இடது இருக்கையில் உட்காருவதால் ஓடுபாதை அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்று எப்போதும் இடதுபக்கமாகவே திரும்புவார்கள். இடது, இடது, மறுபடி இடது. எங்கள் ஆட்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட இடதுபக்கம்தான் திரும்புவார்கள்.

"லெஃப்ட் சார்" என்றேன்.

"அப்போ மலை எந்தப் பக்கம் இருக்கணும்? கேப்டன் பக்கம். கிளம்பு."

உலகமே மலையை வலதுகைப் பக்கம் வைத்து நடக்கிறது. அதனால்தான் அதற்கு வலம் என்று பெயர். இதை ஒரு விங் கமாண்டரிடம் எப்படிச் சொல்வது? நான் பாலு சாரைப் பார்த்தேன். அவர் போனில் வரைபடத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சுத்தி வந்தா எல்லாம் ஒரே எடத்துக்குத்தான வரும்" என்றார்.

நான் ஏழுமலை காதில் சொன்னேன். "அண்ணே, நீயாவது சொல்லு. நீ அடி அண்ணாமலைக்காரன். எதிர்த் திசையில போனா உனக்கு மனசு ஒப்புமா?"

அவர் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அவுரு போற பக்கமே போவலாம் ரத்தினம். இப்ப எதுத்துப் பேசுனா அந்த வரிய எடுப்பாரா? காரியம் ஆவட்டும். சாமிகிட்ட நான் பேசிக்கறேன்."

கல்லாவிலிருந்து சரசுவின் குரல் கேட்டது. "இன்னாங்க, ரிவர்ஸ் கியர்ல போறீங்க?"

எதிரே வந்தவர்கள்

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கு இப்போதும் வியர்க்கிறது. எதிர்த் திசையில் போனால் பாவமா, கால் உடையுமா, கடை வியாபாரம் படுத்துவிடுமா என்று நான் மனசுக்குள் ஒரு பட்டியலே போட்டுவிட்டேன்.

ஒரு மஞ்சள் புடவைக் கூட்டம் எங்களைப் பார்த்து நின்றது. "சாமி, திரும்பிப் போங்க சாமி. இப்புடி நடந்தா சேத்த புண்ணியமெல்லாம் பூடும்."

விங் கமாண்டர் அவர்களுக்குக் கையசைத்தார். அவர் அகராதியில் கீழே இருப்பவர்கள் கத்தினால் அது வாழ்த்து.

லலிதா அம்மா டில்லியில் வளர்ந்தவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து கணவர் திரும்பிய பக்கம் திரும்பிப் பழகியவர். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "ஏங்க, எல்லாரும் நம்மளப் பாத்துதானே வராங்க? யாருமே நம்மகூட வரலையே?"

"டிராஃபிக். அவங்களுக்கு டிசிப்ளின் இல்ல."

பெரிய கோயிலைத் தாண்டும்போது ஒரு சாமியார் தடியை நீட்டி மறித்தார். எங்களை மேலும் கீழும் பார்த்தார். "போன ஜென்மத்துக்கா போறீங்க? அங்க இன்னா மறந்து வச்சிட்டு வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, விங் கமாண்டரிடமே பத்து ரூபாய் கேட்டார். கிடைக்கவில்லை.

பாதையோர எட்டு லிங்கங்களில் ஒன்றான ஈசான்ய லிங்கத்துக்கிட்டே போலீஸ்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். சின்ன வயசு. ராத்திரி பூரா நின்ற களைப்பு.

"சார், இப்படி வரக்கூடாது. கூட்டம் முட்டுது பாருங்க."

"தம்பி, நான் யார் தெரியுமா? வாழ்க்கை முழுக்கப் பறந்தவன்."

"பறக்கறதுன்னா எப்புடி வேணா போங்க சார். நடக்கறதுன்னா அந்தப் பக்கம்."

ஏழுமலை சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்தார். விங் கமாண்டர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. நாங்கள் ஓரமாக ஒதுங்கி, ஒருவர் பின்னால் ஒருவராக, வேலி முள்ளை உரசிக்கொண்டு நடந்தோம். பாதியில் திரும்புவது என்பது அவருக்குத் தெரியாத வித்தை. விமானத்திலும் அப்படித்தான்.

ஏழுமலை ஒவ்வொரு லிங்கமாக நின்று முணுமுணுப்பதும், ஓடி வந்து விங் கமாண்டர் பக்கத்தில் சேர்ந்துகொள்வதுமாக இருந்தார்.

"சார், அந்தப் புத்தகத்துல..."

"மூச்சைச் சேமி, ஏழுமலை."

குபேர லிங்கம் வரையிலும் இதேதான். "சார், நம்ம புத்தகத்துல..." "அப்புறம்." வாயு லிங்கம் வந்தது. "சார்..." விசில்.

கோவிந்தம்மா கடை

அடி அண்ணாமலை வந்தபோது லலிதா அம்மாவின் குதிகாலில் கொப்புளம். மோர் விற்கும் கோவிந்தம்மாவின் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கோவிந்தம்மா ஏழுமலைக்குத் தம்பி பொண்டாட்டி முறை. கடைக்கு மேலே தாரணியின் ஃபிளெக்ஸ் ஆடிக்கொண்டிருந்தது. அவள் ஓட்டப்போவது சரக்கு விமானம். ஃபிளெக்ஸ்காரன் போட்டிருந்தது ஏவுகணை விடும் போர் விமானம்.

கோவிந்தம்மா ஏழுமலை வந்த திசையைப் பார்த்தாள். மோர் மொள்ளும் சொம்பு அந்தரத்தில் நின்றது.

"இன்னா மாமா, எதுக்க வர? காலையிலேயே ஊத்திக்கினியா?"

கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். எல்லோரும் அவர் சொந்தக்காரர்கள். ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். அறுபத்தைந்து வயசு மனுஷன், சொந்த ஊர் வாசலில், பௌர்ணமி மறுநாள், எதிர்த் திசையில்.

"சும்மா இரு கோவிந்தம்மா. சாருங்ககூட வரேன்."

"சாருங்களுக்கு வழி தெரியலன்னா நீ சொல்ல மாட்டியா? தாத்தா நீ இப்புடி நடக்கற, மேல பாரு, பேத்தி பிளேன் ஓட்டப் போறா. அவளும் இப்புடித்தான் ராங் சைடுல ஓட்டுவாளா?"

லலிதா அம்மா நிமிர்ந்து ஃபிளெக்ஸைப் பார்த்தார். "உங்க பேத்தியா? பைலட்டா? எந்த ஸ்குவாட்ரன்?"

"நம்ம ஸ்குவாட்ரன்தாம்மா" என்றார் ஏழுமலை. "அதான்மா சாராண்ட ஒண்ணு கேக்கலாம்னு... புத்தகத்துல என்னாலதான் பிளேன் மோதுச்சுன்னு ஒரு வரி இருக்குது. மணல் மூட்டைய நான் சரியாக் கட்டலன்னு. அது மட்டும் இல்லாம இருந்தா போதும். பேத்தி படிப்பா."

"மணல் மூட்டையா? எப்போ?"

ஏழுமலை சொன்னார். எந்த மழைக்காலம், விங் கமாண்டருக்கு எந்த ஊரிலிருந்து மாற்றல் வந்த சமயம் என்று சொன்னார். மணல் மூட்டை என்ற சொல்லை மட்டும் கடைசி வரை மாற்றவில்லை. நாற்பது வருஷப் பழக்கம்.

லலிதா அம்மா மோர் டம்ளரை பெஞ்சில் வைத்தார்.

"ஏங்க. அது என் ஷோகேஸ்."

விங் கமாண்டர் மலையைப் பார்த்தார். பாலு சாரும் மலையைப் பார்த்தார்.

"என்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க? ரயில்வேக்காரன் ஒடச்சுட்டான், கிளெய்ம் போட்டிருக்கேன்னு சொன்னீங்க. அந்த டிபார்ட்மெண்டை நான் எத்தன வருஷம் திட்டியிருக்கேன்! பாலு, நீங்க அந்த பிளேன்ல இருந்தீங்களா இல்லையா?"

பாலு சாருக்கு வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கேள்வி நேராக வந்திருந்தது. "இருந்தேன் மேடம்."

"யார் லேண்ட் பண்ணது?"

அவர் மோரைக் குடித்தார். மறுபடி குடித்தார். டம்ளர் காலி. "சார்தான் மேடம்."

கோவிந்தம்மா அவர் டம்ளரில் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினாள்.

விபத்தே நடக்காத வருஷம்

விங் கமாண்டர் சீக்கிரம் சுதாரித்துக்கொண்டார். அதற்காக அவரை மெச்ச வேண்டும்.

"ஏழுமலை, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே. உன் பேரை எடுத்துடறேன். 'ஒரு லோடரின் அலட்சியத்தால்'னு போட்டுடறேன்."

"அங்க லோடருன்னா நான் ஒருத்தன்தான் சார்."

"அப்போ 'தகவல் பரிமாற்றக் குறைபாட்டால்'."

"அப்டின்னா இன்னாங்க?"

"யாரோட தப்பும் இல்லைனு அர்த்தம்."

"நடந்ததை எழுதுங்களேன்" என்றார் லலிதா அம்மா. "நீங்க மோதுனீங்க, என் ஷோகேஸ் ஒடஞ்சுது."

"லலிதா, டிரெயினிங் பிளேன்ல ஷோகேஸ் எப்படி வந்ததுனு கேப்பாங்க. ஃபிரிட்ஜ் கேப்பாங்க. ஆடு கேப்பாங்க. வரலாறுங்கறது..." என்று ஆரம்பித்தவர், கோவிந்தம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "சரி. அந்தப் பாராவையே எடுத்துடறேன். அந்த வருஷம் விபத்தே நடக்கலை. எல்லாருக்கும் சந்தோஷமா?"

ஏழுமலை கை கூப்பினார். கண் கலங்கிவிட்டது. நான்கூடப் பெருமூச்சு விட்டேன். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கூப்பிய கை அப்படியே இருக்க, அவர் முகத்தில் ஒரு யோசனை வந்து உட்கார்ந்தது.

"சார், விபத்தே நடக்கலன்னா எஞ் சம்பளத்துல எதுக்குங்க புடிச்சாங்க?"

விங் கமாண்டரின் கை விசிலுக்குப் போனது.

"இல்ல, தெரியாமதான் கேக்கறேன். நடந்துச்சுன்னா எழுதுங்க. நடக்கலன்னா புடிச்சதக் குடுத்துடுங்க. ரெண்டுல ஒண்ணுதான சார் இருக்க முடியும்?"

"கேளு மாமா, நல்லாக் கேளு" என்றாள் கோவிந்தம்மா.

"எவ்வளவு?" என்றார் விங் கமாண்டர், பர்ஸை எடுத்தபடி. கோபத்தில் எடுத்தாரா வெட்கத்தில் எடுத்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

மாதம் நாற்பது ரூபாய், பதினெட்டு மாதம் என்றார் ஏழுமலை. நான் எட்டாம் வகுப்புக் கணக்கில் பெருக்கினேன். எழுநூற்று இருபது. தப்பாகப் போட்டுவிட்டேனோ என்ற பயத்தில் லலிதா அம்மாவை போனில் பார்க்கச் சொன்னேன். சரியாகத்தான் இருந்தது.

"வட்டி?" என்றாள் கோவிந்தம்மா.

"வட்டி வேணாம். சாரு பெரிய மனுஷன்" என்றார் ஏழுமலை.

பர்ஸில் ஒரே ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாள்தான் இருந்தது. லலிதா அம்மா தன் கைப்பையைத் திறந்தார். ஏழுமலை தடுத்துவிட்டார். "நீங்க குடுக்கக் கூடாதும்மா. ஒடஞ்சதுல உங்களுக்கும் நஷ்டந்தான்." பாலு சார் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டார்.

"மீதி நாளைக்குத் தரேன்" என்றார் விங் கமாண்டர்.

அங்கிருந்து ஆட்டோ பிடித்து அவரும் பாலு சாரும் போனார்கள். ஆட்டோக்காரர் சரியான திசையில்தான் ஓட்டினார். லலிதா அம்மா கொப்புளத்தில் துணி சுற்றிக்கொண்டு, எங்கள் இருவரோடு ஜனத்தோடு ஜனமாக நடந்து வந்தார். வழி நெடுக ஷோகேஸில் என்னென்ன இருந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

புத்தகம் வந்துவிட்டது. தாரணி அங்கே சேர்ந்த வாரமே தாத்தாவுக்கு போன் போட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"தாத்தா, நீ வேல செஞ்ச வருஷத்துல ஒரு விபத்துகூட நடக்கலையாமே? புக்குல போட்டிருக்கு!"

"ஆமாம்மா" என்றார் ஏழுமலை, கம்பீரமாக. "இப்பவும் பின்னால மணல் மூட்டதான் ஏத்தறாங்களா?"

"ஆமா தாத்தா. ஏன் சிரிக்கற?"

விங் கமாண்டர் இப்போதெல்லாம் என் கடைக்கு வருவதில்லை. இரண்டு தெரு தள்ளி, வெள்ளைக்காரர்கள் பச்சை இலை தின்னும் கஃபேயில் காலை உணவு. இந்த வார இதழ் அங்கேயும் போகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இருந்தாலும் ஏழுமலை எழுதச் சொன்னதை எழுதாமல் விட்டால் நாளைக்கு எனக்கு இலை வராது. ஆகவே எழுதிவிடுகிறேன். ஐந்நூறு வரவு. பாக்கி இருநூற்று இருபது ரூபாய்.